ரொட்டியும் சதவீதமும்: இவான் டெனிசோவிச் வாழ்ந்த முகாமின் கணக்கு

அலெக்சாண்டர் சோல்ஜெனித்சினின் ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ நாவலில் யாரும் சாவதில்லை. துப்பாக்கிச் சூடு இல்லை, சித்திரவதைக் காட்சி இல்லை, தப்பியோடும் முயற்சியும் இல்லை. 1951 ஜனவரியில் ஒரு நாள் காலை 5 மணிக்கு, முகாம் அலுவலகத்துக்கு வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் தட்டும் ஓசை கேட்கிறது. அன்றிரவு இவான் டெனிசோவிச் ஷுகோவ் என்னும் கைதி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு தூங்கப் போகிறான். இடைப்பட்ட நேரத்தில் அவன் தரையைக் கழுவுகிறான், கஞ்சி குடிக்கிறான், சுவர் கட்டுகிறான், வரிசையில் நிற்கிறான். நாளின் முடிவில் தனக்கு வாய்த்த நல்லவற்றை எண்ணிப் பார்த்து, ஏறக்குறைய மகிழ்ச்சியான நாள் என்றே அதை முடித்துவைக்கிறான். சோவியத் முகாம்களைப் பற்றி இதைவிடக் கொடிய நிகழ்வுகளைச் சொன்ன நூல்கள் பல உண்டு. ஆனால் ஒரு முகாம் எதைக் கொண்டு இயங்குகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டியவை குறைவு. கண்ணீரை நாடாமல் கணக்கை நாடியதுதான் இந்நூலின் பலம் என்பது என் கருத்து.

முதலில் ஷுகோவ் எப்படி உள்ளே வந்தான் என்பதைப் பார்க்கவேண்டும். அவன் தெம்கெனோவோ என்னும் ஊரைச் சேர்ந்த குடியானவன். ஜெர்மானியப் படையெடுப்பு தொடங்கிய மறுநாள், 1941 ஜூன் 23 அன்று, வீட்டைவிட்டுப் போருக்குப் போனவன். 1942 பிப்ரவரியில் வடமேற்குப் போர்முனையில் அவனுடைய படை முழுவதும் சுற்றிவளைக்கப்படுகிறது. உணவு வந்துசேராததால், செத்த குதிரைகளின் குளம்பைச் சீவித் தண்ணீரில் ஊறவைத்துத் தின்கிறார்கள். பிடிபட்டு ஓரிரு நாள் ஜெர்மானியர் காவலில் இருந்துவிட்டு ஐந்து பேர் தப்பி ஓடுகிறார்கள். அவர்களில் இருவரைச் சொந்தப் படையின் காவலனே சுட்டுவிடுகிறான், மூன்றாமவன் காயத்தில் இறக்கிறான், மிஞ்சிய இருவர் நடந்ததை நடந்தபடி சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். ஜெர்மானிய உளவுத்துறை ஏதோ ஒரு வேலையைக் கொடுத்து இவர்களை அனுப்பியது என்பது குற்றச்சாட்டு. அது என்ன வேலை என்பதை ஷுகோவாலும் கற்பனை செய்ய முடியவில்லை, விசாரித்த அதிகாரியாலும் முடியவில்லை. ஆகவே கோப்பில் ‘ஒரு வேலை’ என்று மட்டுமே பதிவாகிறது. கையெழுத்துப் போடாவிட்டால் சாவு, போட்டால் இன்னும் கொஞ்சகாலம் உயிர் என்று பார்த்து அவன் கையெழுத்துப் போடுகிறான். தண்டனை பத்து ஆண்டுகள்.

இதில் புனைவின் மிகை எதுவும் இல்லை. எதிரியிடம் சரணடைவதைத் துரோகமாகக் கருதும் ஆணை 1941 ஆகஸ்டிலேயே பிறப்பிக்கப்பட்டிருந்தது. ஜெர்மானியரிடம் பிடிபட்டு மீண்ட வீரர்களில் பெருந்தொகையினர் குற்றவியல் சட்டத்தின் 58ஆவது பிரிவின்கீழ் முகாம்களுக்குப் போனார்கள். ‘எதிர்ப்புரட்சிக் குற்றங்கள்’ அனைத்தையும் தன்னுள் அடக்கிய அந்தப் பிரிவு தேசத்துரோகம் முதல் வாய்தவறிப் பேசிய பேச்சுவரை எதற்கும் நீண்டது. 1948இல் அரசியல் கைதிகளைச் சாதாரணக் குற்றவாளிகளிடமிருந்து பிரித்து வைப்பதற்காகச் ‘சிறப்பு முகாம்கள்’ உருவாக்கப்பட்டன. அங்கே தொப்பியிலும் மார்பிலும் முதுகிலும் முழங்காலிலும் எண் தைக்கப்பட்டது. வீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். அப்போதைக்குள் தண்டனையின் அளவும் உயர்ந்திருந்தது. முன்பு எல்லோருக்கும் பத்தாண்டு என்று சீப்பால் வாரியதுபோல் கொடுத்தார்கள், 1949க்குப் பிறகு எல்லோருக்கும் இருபத்தைந்து என்று ஷுகோவ் நினைத்துக்கொள்கிறான். பத்தாண்டைத் தாக்குப்பிடித்து வாழ்ந்துவிடலாம், இருபத்தைந்தை எப்படி வாழ்வது என்பது அவனுடைய கேள்வி.

இந்த முகாமைச் சோல்ஜெனித்சின் உள்ளேயிருந்தே அறிந்தவர். பீரங்கிப் படையின் கேப்டனாக இருந்த அவர், நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டாலினைக் குறைகூறியதற்காக 1945 பிப்ரவரியில் கிழக்குப் பிரஷ்யப் போர்முனையில் கைதாகி எட்டாண்டுத் தண்டனை பெற்றார். சில ஆண்டுகள் மாஸ்கோவுக்கு அருகே கைதி-விஞ்ஞானிகளுக்கான ஆய்வுக்கூடத்தில் கழிந்தபின், 1950இல் கஜகஸ்தானின் எகிபாஸ்தூஸ் சிறப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கொத்து வேலை செய்தார். ஒரு குளிர்கால நாளில் துணைக்கைதி ஒருவருடன் சாந்துத் தட்டைத் தூக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, முகாம் உலகம் முழுவதையும் ஒரு சாதாரண மனிதனின் ஒரே நாளில் காலை முதல் இரவுவரை சொல்லிவிடலாம் என்று தோன்றியதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். ஷுகோவ் என்ற பெயரும் முகச்சாயலும் அவருடைய பீரங்கிப் படையில் இருந்த ஒரு வீரருடையவை. அந்த வீரர் சிறைக்குப் போனதே இல்லை. முகாம் அனுபவங்கள் ஆசிரியருடையவை, உடனிருந்த கைதிகளுடையவை.

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். காலையில் ஷுகோவின் ரொட்டிப் படி 550 கிராம். கையில் வாங்கியவுடனே எடையை மனத்தால் நிறுத்துப் பார்த்து, எத்தனை கிராம் குறைகிறது என்று அவன் கணித்துவிடுகிறான். ஒவ்வொரு படியிலும் குறைவு உண்டு, எவ்வளவு என்பதுதான் கேள்வி. பாதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மறுபாதியை மெத்தைக்குள் செருகி, ஊசியால் தைத்து மூடுகிறான். மாலையில் கிடைக்கும் ரொட்டியின் அளவோ அவன் கையில் இல்லை. அது அவனுடைய வேலைக்குழு அன்று எட்டிய சதவீதத்தைப் பொறுத்தது. வாழ்வை ஆள்வது இருநூறு கிராம் ரொட்டி, வெண்கடல் கால்வாயே அந்த இருநூறு கிராமைக் கொண்டுதான் கட்டப்பட்டது என்று நாவல் ஓரிடத்தில் சொல்கிறது. 1931 முதல் 1933 வரை கைதிகளின் உழைப்பால் வெட்டப்பட்டு, சோவியத் அரசு பெருமையோடு விளம்பரப்படுத்திய கால்வாய் அது. ஒரு முழுப் பொருளாதாரத்தை இரண்டு வரிகளில் அடக்கிவிட்ட இடம் இது.

இங்கே குழு என்பது நிர்வாக வசதிக்காகப் பிரித்த பிரிவன்று. வெளியுலகில் உள்ள குழுக்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கூலி உண்டு. முகாமில் குழு முழுவதற்கும் கூடுதல் படி, அல்லது குழு முழுவதும் பட்டினி. நீ வேலை செய்யாமல் நின்றால் உன் பக்கத்தில் இருப்பவன் பசியோடு படுக்கவேண்டும். ஆகவே காவலர்கள் கைதிகளை விரட்ட வேண்டியதில்லை, கைதிகளே ஒருவரையொருவர் விரட்டிக்கொள்கிறார்கள். இந்தச் சூழ்ச்சியைப் புரிந்துகொண்டே ஷுகோவ் அதற்குள் வாழ்கிறான். நாவலின் கசப்பான நுட்பமும் இங்கேதான் இருக்கிறது. ஒருவரை ஒருவர் கண்காணிக்க வைப்பதற்காக அமைத்த அதே குழு, நல்ல தலைவன் வாய்த்தால், ஒரு குடும்பத்துக்கு நிகரான பாதுகாப்பாகவும் மாறிவிடுகிறது. 104ஆம் குழுவின் தலைவன் த்யூரின் அத்தகையவன். குலாக், அதாவது வசதிபடைத்தவன் என்று அரசு முத்திரை குத்திய குடியானவனின் மகன் என்ற ஒரே காரணத்துக்காக 1930இல் செஞ்சேனையிலிருந்து துரத்தப்பட்டவன். தன்னைத் துரத்திய அதிகாரிகள் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைப் பின்னர் கேள்விப்பட்டவன்.

ஒரு தலைவனின் திறமை எங்கே வெளிப்படுகிறது? வேலையில் அன்று, அலுவலகத்தில். அன்று காலை அவனுடைய குழுவை ‘சோஷலிச நகரம்’ கட்டப்போகும் வெட்டவெளிக்கு அனுப்பும் பேச்சு நடக்கிறது. அங்கே ஒதுங்க ஒரு கொட்டகைகூடக் கிடையாது. உறைந்த மண்ணில் குழி தோண்டி, கம்பம் நட்டு, முள்கம்பியை முதலில் தங்களைச் சுற்றியே கட்டிக்கொள்ள வேண்டும். அதைத் தவிர்க்க, வேலை ஒதுக்கும் அதிகாரிக்கு அரைக் கிலோவோ ஒரு கிலோவோ பன்றிக் கொழுப்பு போய்ச்சேர வேண்டும். பிறகு ‘சதவீதம்’. செய்த வேலையைவிட அதை எழுதிய விதமே படியை முடிவு செய்கிறது. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதவைப்பதும், மலிவான வேலைக்கு உயர்ந்த விகிதம் வாங்குவதும்தான் தலைவன் குழுவுக்குச் சோறு போடும் வழி. அன்று த்யூரின் சதவீதத்தை நன்றாக முடித்துவிட்டு வருகிறான். ஐந்து நாளைக்கு நல்ல படி கிடைக்கும் என்று மகிழும் ஷுகோவ், மேலிடம் ஒரு நாளை விழுங்கிவிடும் என்று அறிந்து, அதை நான்கு நாளாகத் திருத்திக்கொள்கிறான். திட்டப் பொருளாதாரத்தின் புள்ளிவிவரங்கள் எப்படிப் பிறந்தன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

இந்தப் பின்னணியில்தான் நாவலின் மிகவும் விவாதிக்கப்பட்ட பகுதியான சுவர் கட்டும் காட்சியைப் படிக்கவேண்டும். வெப்பமானி காலையில் மைனஸ் 27.5 டிகிரி காட்டியது. மைனஸ் 41ஐத் தொட்டால்தான் வேலைக்கு விடுப்பு. பாதியில் நிற்கும் மின்நிலையக் கட்டடத்தின் மேல்தளத்தில் சுவரை உயர்த்தவேண்டும். சாந்து தட்டில் வரும்போதே உறையத் தொடங்குகிறது, கட்டிய சுவரின்மேல் படிந்த பனியைக் கோடாரியால் வெட்டி அகற்றிவிட்டுத்தான் அடுத்த கல்லை வைக்கமுடியும். ஒருமுறை கல் வைத்தபின் திருத்த முடியாது. தனக்கு முன் அந்தச் சுவரைக் கட்டியவன் அரைகுறையாக விட்டுப்போன வளைவை இரண்டு மூன்று வரிசைகளில் எப்படிச் சரிசெய்வது என்று ஷுகோவ் கண்ணாலேயே திட்டமிடுகிறான். நல்ல கரணை ஒன்றை முகாம் கிடங்குக்குத் திருப்பித் தராமல் அவன் ஒளித்து வைத்திருப்பதும் இதற்காகத்தான். வேலை முடியும் மணி அடித்தபிறகும், கலந்த சாந்து வீணாகக்கூடாது என்று கட்டிக்கொண்டே இருக்கிறான். தாமதமாக ஓடிவந்தால் காவலரின் நாய் பாயும் என்று தெரிந்தும், திரும்பிப் போய்ச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறான்.

சோவியத் விமர்சகர்களில் ஒரு சாராரும் அப்போதைய சோவியத் தலைவர் குருஷேவும் இக்காட்சியை உழைப்பின் மேன்மைக்குச் சான்றாகக் கண்டார்கள். வேறு சிலர், தன்னை அடிமையாக்கிய அமைப்புக்காக ஒருவன் உற்சாகமாக உழைப்பதா என்று முகம் சுளித்தார்கள். இரண்டு வாசிப்புகளும் போதாதவை. தஸ்தயேவ்ஸ்கியின் ‘மரண வீட்டின் குறிப்புகள்’ இங்கே உதவும். 1850 முதல் 1854 வரை ஓம்ஸ்க் கோட்டைச் சிறையில் கடுங்காவலில் கழித்த அனுபவத்திலிருந்து எழுதப்பட்டு, 1860களின் தொடக்கத்தில் ‘விரேம்யா’ இதழில் வந்த நூல் அது. ஒரு மனிதனை முற்றிலும் நசுக்க வேண்டுமானால் சற்றும் பொருளற்ற வேலையை, ஒரு தொட்டியிலிருந்து மற்றொரு தொட்டிக்கும் பிறகு அங்கிருந்து இதற்கும் தண்ணீர் ஊற்றுவதுபோன்ற வேலையைக் கொடுத்தால் போதும் என்று அதன் கதைசொல்லி எழுதுகிறான். ஷுகோவின் வேலை அரசின் கணக்கில் ஒரு சதவீதம் மட்டுமே. அந்தச் சதவீதமும் பெரும்பாலும் பொய். அதற்குள் அவன் நூல் பிடித்தாற்போல் நேரான ஒரு சுவரை எழுப்புகிறான். அந்த நேர்த்தி யாருடைய படிவத்திலும் பதிவாகாது, அதற்குக் கூடுதல் ரொட்டியும் கிடைக்காது. முகாமின் கணக்குக்குள் அடங்காத ஒரே செயலாக அன்று அவன் செய்தது அதுதான். ஆனாலும் இதை விடுதலை என்று அழைக்கத் தயங்குகிறேன். அந்தச் சுவரால் பயனடைந்தது முகாம்தான் என்பதை நாவல் மறைக்கவில்லை.

தஸ்தயேவ்ஸ்கிக்கும் சோல்ஜெனித்சினுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு பார்வைக்கோணம். ஓம்ஸ்க் நூலின் கதைசொல்லி ஒரு பிரபு. குடியானவக் கைதிகள் தன்னை ஒருபோதும் தம்மவனாக ஏற்பதில்லை என்பதே அவனுடைய தீராத வேதனை. சோல்ஜெனித்சின் கல்வியால் அந்தப் பிரபுவின் இடத்தில் இருந்தவர். ஆனால் கதையைக் குடியானவனின் கண்ணுக்குள் வைத்துவிட்டு, படித்தவர்களை வெளியிலிருந்து பார்க்கவைத்தார். இதன் பலனை, அலுவலக அறையில் சீசர் மார்க்கோவிச் என்னும் திரைப்பட இயக்குநனும் முதிய கைதி ஒருவனும் ஐசன்ஸ்டீனின் ‘கொடுங்கோலன் இவான்’ படத்தைப் பற்றி வாதிடும் இடத்தில் முழுமையாகக் காணலாம். கலைநயம் அபாரம் என்கிறான் சீசர். கொடுங்கோன்மையை நியாயப்படுத்தும் படம், மேதைகள் கொடுங்கோலரின் ருசிக்கேற்பத் தங்கள் விளக்கத்தை மாற்றமாட்டார்கள் என்கிறான் முதியவன். வேறு எந்த விளக்கத்தை அனுமதித்திருப்பார்கள் என்று சீசர் கேட்கிறான். வாசகனின் மனம் முதியவன் பக்கம் சாயும் அந்நேரத்தில், ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தோடு ஷுகோவ் அங்கே நின்றுகொண்டிருக்கிறான். கஞ்சி காற்றில் மிதந்து வந்ததுபோல் சீசர் அதை வாங்கிக்கொள்கிறான், கொண்டுவந்தவனை இருவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

குடியானவன் பார்வை என்பதற்காக ஷுகோவ் புனிதன் ஆகிவிடவில்லை. சமையல்காரனின் எண்ணிக்கையைக் குழப்பி இரண்டு கிண்ணம் கஞ்சியைக் கூடுதலாகச் சுருட்டுகிறான். பொட்டலம் வாங்கும் வரிசையில் சீசருக்காக இடம்பிடித்து, அதற்கு ஈடாக அவனுடைய இரவுச் சூப்பைப் பெறுகிறான். ஆனால் எச்சில் கிண்ணத்தை நக்குவதில்லை, யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. முகாமில் முதலில் அழிவது கிண்ணத்தை நக்குபவன், மருத்துவ அறையை நம்புபவன், அதிகாரியிடம் கோள் சொல்லப்போகிறவன் என்று முன்பிருந்த முகாமின் குழுத்தலைவன் குஸ்யோமின் சொன்ன பாடத்தை அவன் மறக்கவில்லை. கோள்சொல்லிகள் மட்டும் பிழைத்துக்கொள்கிறார்கள் என்ற திருத்தத்தையும் அவனே சேர்த்துக்கொள்கிறான். கடற்படைத் தளபதி பூய்னோவ்ஸ்கிக்கு இந்தப் பாடம் இன்னும் விளங்கவில்லை. ஓர் ஆங்கிலேயத் தளபதி நினைவுப் பரிசு அனுப்பிய குற்றத்துக்காக இருபத்தைந்து ஆண்டுகள் பெற்றவன் அவன். நீங்கள் கம்யூனிஸ்டுகளே அல்லர் என்று காவலதிகாரிகளை நோக்கிக் கத்தி, பத்துநாள் குளிர்க்கொட்டடித் தண்டனை பெறுகிறான். அந்தப் பத்துநாள் ஆயுள் முழுவதற்குமான நோயைக் கொடுக்கும், பதினைந்து என்றால் மண்ணுக்குள் போவது உறுதி என்று நாவல் ஒரு தகவலைப்போலச் சொல்லிவிட்டு நகர்கிறது.

நண்பகல் பற்றிய சிறு உரையாடலையும் விட்டுவிட முடியாது. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது, மணி பன்னிரண்டு என்கிறான் ஷுகோவ். அது தாத்தா காலத்துக் கதை, இப்போது ஆணைப்படி ஒரு மணிக்குத்தான் உச்சி என்கிறான் பூய்னோவ்ஸ்கி. அது யாருடைய ஆணை என்றால், சோவியத் அரசின் ஆணை. சூரியன்கூட இவர்களுடைய ஆணைக்கா கட்டுப்படுகிறது என்று ஷுகோவ் வியக்கிறான். 1930இல் கடிகாரங்களை ஒரு மணிநேரம் முன்னால் தள்ளிவைத்த உண்மையான ஆணை இதன் பின்னால் இருக்கிறது.

நூல் அச்சான வரலாறு நாவலுக்கு இணையான சுவை உடையது. ரியாசான் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த சோல்ஜெனித்சின் இதை 1959இல் இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்தில் எழுதினார். கதாநாயகனின் கைதி எண்ணையே தலைப்பாக வைத்து, மறைத்தும் வைத்திருந்தார். 1961 அக்டோபரில் கட்சியின் 22ஆவது மாநாடு ஸ்டாலினை வெளிப்படையாகத் தாக்கி, அவருடைய உடலும் லெனின் நினைவகத்திலிருந்து அகற்றப்பட்ட பிறகு, கூர்மையான இடங்களை மழுக்கிய பிரதி ஒன்று அவருடைய நண்பர் லெவ் கோப்பெலெவ் வழியாக ‘நோவி மிர்’ இலக்கிய இதழுக்குப் போனது. அங்கே பணியாற்றிய அன்னா பெர்சர், இடையிலிருந்த ஆசிரியர் குழுவினரைத் தாண்டி, ஒரு குடியானவன் கண்ணால் பார்த்த முகாம் என்ற குறிப்போடு அதை முதன்மை ஆசிரியர் அலெக்சாண்டர் த்வர்தோவ்ஸ்கியிடம் நேரே சேர்த்தார். படுக்கையில் படிக்கத் தொடங்கிய த்வர்தோவ்ஸ்கி, சில பக்கங்களுக்குப் பின் எழுந்து உடையணிந்து உட்கார்ந்து படித்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் குலாக் என முத்திரை குத்தப்பட்டு ஊரைவிட்டுத் தொலைவுக்குக் கடத்தப்பட்டவர்கள். த்யூரினின் கதை அவருக்கு யாரோ ஒருவரின் கதையன்று. நாவலின் தலைப்பை மாற்றியவரும் அவரே.

தணிக்கைத் துறையின் வழியே போனால் இது ஒருபோதும் வெளிவராது என்று அறிந்த த்வர்தோவ்ஸ்கி, 1962 ஆகஸ்டில் குருஷேவுக்கே கடிதம் எழுதினார். குருஷேவின் உதவியாளர் லெபெதெவ் சில திருத்தங்கள் கேட்டார். அவற்றில் ஒன்று விந்தையானது: ஸ்டாலினின் பெயரை ஒருமுறையேனும் குறிப்பிட்டுக் குற்றஞ்சாட்ட வேண்டும். முகாமுக்குக் காரணம் ஒரு தனிமனிதர் என்று எண்ணாத சோல்ஜெனித்சின் அவரை நாவலில் குறிப்பிட்டிருக்கவே இல்லை. மீசைக்காரத் தாத்தா என்ற ஒரே ஒரு தொடரைச் சேர்த்துக் கொடுத்தார். கருங்கடல் கரையில் ஓய்விலிருந்த குருஷேவுக்கு லெபெதெவ் நாவலை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். 1962 அக்டோபரில் கட்சித் தலைமைக் குழு அனுமதி தந்தது. கியூப ஏவுகணை நெருக்கடி தணிந்த சில வாரங்களில், நவம்பர் இதழில் நாவல் வெளிவந்தது. மேல்தட்டுக் குடியானவர்களான த்வர்தோவ்ஸ்கியும் குருஷேவும் இந்தக் குடியானவனைக் கண்டு சும்மா இருக்கமுடியாது என்று தான் முன்பே ஊகித்ததாகச் சோல்ஜெனித்சின் பின்னர் எழுதினார். சீசரிடம் அந்த முதியவன் வைத்த வாதம் இந்தத் திருத்தங்களுக்கும் பொருந்தும் என்பதை ஆசிரியர் உணராமல் இருந்திருக்கமாட்டார்.

இதழ் கடைகளில் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு மலிவுப் பதிப்பான ‘ரோமன்-கஸேத்தா’வில் 7 லட்சம் பிரதிகள் அச்சாயின. வடகிழக்குச் சைபீரியாவின் கோலிமா முகாம்களில் பல ஆண்டுகளைக் கழித்த எழுத்தாளர் வர்லாம் ஷலாமோவ், சோல்ஜெனித்சினுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நாவலைப் பாராட்டிவிட்டு, மருத்துவ அறைக்கு அருகே பூனை ஒன்று நடமாடுவதைச் சுட்டிக்காட்டினார்: உண்மையான முகாமில் அந்தப் பூனையை எப்போதோ வெட்டித் தின்றிருப்பார்கள். அங்கே கைதி கரண்டி வைத்திருப்பதும் அவருக்கு வியப்பாக இருந்தது. கோலிமாவில் சூப்பைக் கிண்ணத்திலிருந்து நேரே குடித்துவிடலாம், கரண்டி தேவைப்படும் அளவுக்கு அதில் எதுவும் இராது. ஷுகோவின் முகாம் தாங்கக்கூடிய முகாம் என்பது இதன் பொருள். அந்தத் தாங்கக்கூடிய முகாமின் பத்தாண்டில் 3,653 நாட்கள் இருந்தன என்றும், மிகையான மூன்று நாட்கள் லீப் ஆண்டுகளால் வந்தவை என்றும் நாவல் தன் கணக்கை முடிக்கிறது.

1964இல் லெனின் பரிசுக்கு முன்மொழியப்பட்ட நூல் தோற்கடிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் குருஷேவும் பதவி இழந்தார். இதற்குள் முன்னாள் கைதிகளின் கடிதங்கள் ஆசிரியருக்குக் குவிந்திருந்தன. அப்படி எழுதியவர்களும் நேரில் சொன்னவர்களுமாக 227 பேரின் சாட்சியத்தைக் கொண்டு அவர் ‘குலாக் தீவுக்கூட்டம்’ நூலை உருவாக்கினார் (இங்கே குலாக் என்பது குடியானவனைக் குறிப்பதன்று, சோவியத் முகாம் நிர்வாகத்தின் சுருக்கப் பெயர்). அதன் முதல் தொகுதி 1973 டிசம்பர் இறுதியில் பாரிஸில் வெளியானது. 1974 பிப்ரவரி 13 அன்று அவர் நாடுகடத்தப்பட்டார். உடனே அவருடைய படைப்புகளை நூலகங்களிலிருந்து அகற்றும் ஆணை பிறந்தது. ஷுகோவின் கதையும் அந்தப் பட்டியலில் இருந்தது. நூலகப் பிரதிகளை எடுத்துவிட முடிந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த மலிவுப் பதிப்புகளை அந்த ஆணை எட்டவில்லை.